மிளகா ஊறுகாயும் அந்த பழைய படமும்

டேய் செல்வம்,

உன் மெயில் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடலேன்னு நல்லா திட்டியிருப்ப, திட்டு, தப்பில்ல. வருஷக் கணக்கு முடிக்கற நேரம்டா, இந்த பிரெஞ்சு ஆபீஸ்ல இருந்து வீட்டுக்கு வந்தா சாப்ட்டு படுக்கத்தான் தெம்பு இருக்கு. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு எழுதியிருந்தியே, அதப் படிச்சப்புறம்தான் நிம்மதி. ஒரு மாசத்துக்கு மாடிப்படி ஏற விடாத, உங்கம்மா கேக்க மாட்டாங்க, வத்தல் காயப்போடறேன்னு ஏறிடுவாங்க, நீதான் பாத்துக்கணும்.

அவங்க குடுத்தனுப்பின மிளகா ஊறுகா பாட்டிலாலதான் இந்த லெட்டரே. போன வாரம் ஆபீஸ் சாப்பாட்டு ரூம்ல தயிர்சாதத்தோட அத தொறந்தேன். எங்க செக்‌ஷன்ல ரிட்டையர் ஆகப்போற பெரியவர் ஒருத்தர் இருக்காரு, எதையும் டேஸ்ட் பாத்துடுவாரு. ஸ்பூன் நுனில எடுத்து நாக்குல வச்சாரு. மூஞ்சி செவந்து, கண்ணு கலங்கி, ரெண்டு செகண்ட் சத்தமே இல்ல, அப்புறம் ரொம்ப மரியாதையா தலைய ஆட்டிக்கிட்டே "ஒத்துக்கணும்... இது முரட்டு சரக்கு"ன்னாரு. உடனே எதிர்ல இருந்த பையன் "எனக்கு இதுல ஆப்பிள் வாசன வருது"ன்னான். இன்னொரு அம்மா திரும்பிக்கூட பாக்காம "அதுவும் இருக்கு"ன்னாங்க. மொத்த ரூமும் சிரிக்குது. ஆப்பிளா, எங்கம்மா மாதிரி இருக்கறவங்க போட்ட ஊறுகால ஆப்பிளான்னு எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு, கிண்டல் பண்றாங்கன்னே நெனச்சுட்டேன். அப்புறம் அந்த அம்மாதான் சொன்னாங்க, இது ஒரு படத்துல வர்ற கிச்சன் சீன், இங்க இருக்கறவங்க பாதிப் பேருக்கு மனப்பாடம்னு.

எந்தப் படம் தெரியுமா? காலேஜ் நேரத்துல பிரெஞ்சு கிளாஸ்ல போட்டாங்களே, கருப்பு வெள்ள, நீ குறட்டை விட்டு வெளிய அனுப்பினாங்களே, அதேதான்! லே தொந்தோன் ஃப்ளேங்கர். 1963ல வந்தது, ஜோர்ஜ் லோத்னேர் டைரக்‌ஷன். தொந்தோன்னா சின்னப் பசங்க மாமா சித்தப்பாவ கூப்பிடற வார்த்த, துப்பாக்கி மாமாக்கள்னு வச்சுக்கயேன். நம்மூர்ல மாமான்னா இன்னொரு அர்த்தம் இருக்கு பாரு, படத்துல அந்த பிசினசும் இருக்கறதால கச்சிதமா பொருந்துது.

ஞாயித்துக்கிழம உக்காந்து திரும்பப் பாத்தேன். கத உனக்கு மறந்திருக்கும், மறக்கறதுக்கு முன்னாடி நீ பாத்திருந்தாத்தானே. லினோ வென்துரா ஒரு காலத்து ரவுடி, எல்லாத்தையும் விட்டுட்டு தெக்க மோந்தோபான்ல டிராக்டர் வித்துக்கிட்டு நிம்மதியா இருக்காரு, பாரிஸ்ல சாகக் கெடக்கற பழைய கூட்டாளி கூப்பிட்டு அனுப்பறான், போனா சூதாட்ட கிளப்பு, சாராய பிசினஸ், அந்த 'வீடு', கூடவே அப்பன் என்ன தொழில் பண்ணான்னே தெரியாத ஒரு வயசுப்பொண்ணு, எல்லாத்தையும் தலைல கட்டிட்டு கண்ண மூடிடறான். ஒரு நாள்ல திரும்பிடலாம்னு வந்த மனுஷன் மாட்டிக்கிட்டாரு. வோல்ஃபோனின்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர், நாங்க இருக்கும்போது இவன் யாருடான்னு மல்லுக்கு நிக்கறாங்க. அவ்வளவுதான் கத. சைலன்சர் துப்பாக்கி சுட்டா பாட்டில் மூடி தொறக்கற மாதிரி ப்ளக்னு ஒரு சத்தம், ஆள் சாயறான், யாரும் கவலப்படல.

அப்ப நமக்கு ஏன் சிரிப்பே வரலேன்னு இப்பத்தான் வெளங்குச்சு. நாம இங்கிலீஷ் சப்டைட்டில படிச்சோம், அதுல கதை மட்டும்தான் இருந்துச்சு. சரக்கு பூரா வசனத்துல இருக்குடா, எழுதினது மிஷேல் ஓதியார். உதாரணத்துக்கு அண்ணன் வோல்ஃபோனி, பெர்னார் ப்ளியே நடிச்சிருப்பாரு, குண்டா, வழுக்க, பாத்தா நம்ம ரேஷன் கடக்காரர் மாதிரி. வென்துரா கிட்ட மூக்குலயே ஒண்ணு வாங்கிட்டு வந்து படுத்துக் கெடந்துட்டு சபதம் போடறாரு, இனிமே அவன திருத்தறதெல்லாம் கெடையாது, பாரிஸ் நாலு மூலையிலயும் பசில் துண்டு மாதிரி பொறுக்கணும், வெடி வைப்பேன், சிதற விடுவேன், அப்புறம் 'வோந்திலே' பண்ணுவேன்னு. சப்டைட்டில்ல அதுக்கு என்னமோ போட்டிருந்தான். ஆனா அந்த வார்த்தைய நான் தெனம் ஆபீஸ்ல சொல்றேன்டா, ஒரு தொகைய பிரிச்சு அந்தந்த கணக்குத் தலைப்புல எழுதறதுக்குப் பேரு அதான். எதிரிய கொல்றதுக்கு மட்டுமில்ல, செத்தவன லெட்ஜர்ல தலைப்புவாரியா ஏத்தவும் போறாராம்! இருபது வருஷம் கணக்கு எழுதினவனுக்குத்தான் அந்த சிரிப்பு, தனியா உக்காந்து நாலு தடவ ரீவைண்ட் பண்ணிப் பாத்தேன்.

இத தமிழ்ல டப் பண்ணவே முடியாது. நம்ம பெரியகட கந்துவட்டிக்காரர் ஒருத்தர் வேட்டியெல்லாம் கட்டி, வாங்க போங்கன்னு மரியாதையா பேசிக்கிட்டே கைய ஒடைப்பேன்னு சொன்னா எப்படியோ அப்படி.

கிச்சன் சீனுக்கு வர்றேன். பொண்ணு வீட்டுல பார்ட்டி, அவ ஃப்ரெண்ட்ஸ் ட்விஸ்ட் ஆடறாங்க. கணக்குத் தீக்க வந்த வோல்ஃபோனிங்க, வென்துரா, செத்தவனோட பத்திரமெல்லாம் பாத்துக்கற நோட்டரி, இங்கிலீஷ் பேசி உயிர வாங்கற பட்லர், எல்லாரும் கிச்சன்ல உக்காந்து அந்தப் பசங்களுக்கு ரொட்டில வெண்ண தடவறாங்க. கொலகாரனுங்கடா! கல்யாண வீட்டுல வெங்காயம் உரிக்க உக்கார வச்ச மாதிரி இருக்கும். நல்ல சரக்க பசங்க தூக்கிட்டுப் போயிட்டதால, நோட்டரி பழைய பாட்டில் ஒண்ணு எடுக்கறாரு, சொந்தத் தயாரிப்பு, வாடிக்கையாளருங்களுக்கு கண்ணு போக ஆரம்பிச்சு பிரச்சனையானதால நிறுத்தினதாம். குடிக்கக் குடிக்க சண்ட மறந்து பழங்கத. தம்பியா நடிச்ச ழான் லெஃபேவ்ர் கண்ணுல தாரையா தண்ணி. வென்துரா இருமலயும் மறச்சுக்கிட்டு, ஒரு போலந்துக்காரி இத காலைல பசியாறவே குடிப்பான்னு சொல்ற இடத்துல அந்த மூஞ்சியப் பாக்கணும். மல்யுத்தத்துல இருந்து வந்த ஆளு, ஒரு நரம்பு அசைய மாட்டேங்குது. கதைக்கு இந்த சீனே தேவையில்லன்னு ஓதியார் சொன்னாராம், லோத்னேர்தான் வேணும்னு நின்னு எடுத்தாரு.

அங்க ஒரு வரி வந்துச்சு, நான் படத்த நிறுத்திட்டேன். அண்ணன் வோல்ஃபோனி கிளாஸ பாத்துக்கிட்டே, சைகோன் பக்கத்துல பியன்ஹோவால ஒரு சின்ன வீட்டுல இதே மாதிரி ஒண்ணு குடிப்போமே, செவப்பு ஜன்னக்கதவு, ஒரு தங்கமுடி ஓனரம்மா, பேரென்னன்னு யோசிக்கறாரு. வியட்நாமையும் சேத்து பிரெஞ்சுக்காரன் ஆண்ட இந்தோசீனா கையவிட்டுப் போயி ஒம்போது வருஷம்தான் ஆகியிருந்துச்சு படம் வந்தப்போ, தியேட்டர்ல பாத்தவன்ல எத்தன பேர் அங்க போயிட்டு வந்தவனோ. எனக்கு அந்த நிமிஷம் உங்க வீட்டு கூடம்தான் ஞாபகம் வந்துச்சு. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த சொல்தா தாத்தா போட்டோ, யூனிபார்ம்ல ஒரு வீட்டு முன்னாடி நிப்பாரு, பின்னாடி மரத்தட்டி ஜன்னல். சின்ன வயசுல எங்க எடுத்தது தாத்தான்னு கேட்டப்போ சைகோன், கொஞ்சம் தள்ளின்னு மட்டும் சொல்லிட்டு பென்ஷன் விஷயம் பேச ஆரம்பிச்சிடுவாரு, ஞாபகம் இருக்கா?

போட்டோவ கழட்டி பின்னாடி ஏதாவது எழுதியிருக்கான்னு பாத்து சொல்லு. கருப்பு வெள்ளதான், ஜன்னல் என்ன கலர்னு தெரியாது. உங்கப்பாவுக்கு தாத்தா ஏதாவது சொல்லியிருக்கலாம், கேட்டுப் பாரு, ஆனா பாட்டி பக்கத்துல இருக்கும்போது கேக்காத, அவங்களுக்கு வேணுங்கறது மட்டும் நல்லா காது கேக்கும்.

ஊறுகா பாதி பாட்டில் காலி, பெரியவர் தெனம் வர்றாரு.

ரவி