எத்தனை பேருக்கு ரிக்கெட்?

அன்புள்ள பிள்ளைக்கு,

நேற்றும் முந்தநாளும் கோல் எடுத்துப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. அலுவலாக இருந்திருப்பாய், சரி. முந்தியென்றால் நேரவித்தியாசம் என்று சொல்லலாம், 2006 வரை எங்கள் இலங்கை மணிக்கூடு உங்கள் இந்தியாவுக்கு அரை மணி முன்னால் ஓடியது, இப்போது அதுவும் இல்லை.

தோட்டத்தில் தண்ணீர் மாறிக்கொண்டு நிற்கும்போது சென்னை விமானம் பதிந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு இறங்கும். இரண்டு விசிறி வைத்த ஏடிஆர்தான். அந்தச் சத்தம் கேட்டாலே அம்மா முற்றத்துக்கு வந்துவிடுவா.

போன கிழமை உன் குரல் அடைத்திருந்தது. தடிமன் என்றாய். நேரத்துக்குச் சாப்பிடு. மருமகன் சுகமோ என்று அம்மா கேட்டதற்கு "இருக்கிறார்" என்று ஒரு சொல்லோடு விட்டுவிட்டாய், அம்மா அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாளாக அடுப்படியிலேயே குந்தியிருக்கிறா. நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பழைய அட்லசை எடுத்து அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். பலாலியும் மீனம்பாக்கமும் கிட்டத்தட்ட ஒரே 80 பாகைக் கோட்டில், நேர் வடக்கே 355 கிலோமீற்றர். ஏ9 வீதியால் கொழும்புக்குப் போனாலே 400 வரும், ராத்திரி முழுக்க பஸ். இது ஏறி இறங்குகிற நேரமும் சேர்த்து ஒன்றேகால் மணி. வளசரவாக்கத்தில் வாகன நெரிசலில் மாட்டினால் மீனம்பாக்கம் போகவே உனக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். பேத்தி கீறி அனுப்பிய விமானத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். வேலைக்கும் போய்ப் பிள்ளையையும் வளர்க்கிறாள் என் மகள் என்று சொல்லிக்கொண்டும் திரிகிறேன். ஆனால் இவ்வளவு கிட்ட இருந்தும் ஒருதரம் இந்தப்பக்கம் எட்டிப் பார்த்தாயா?

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனையை வைத்துவிட்டேன். குழந்தை பிறந்தபோது கொரோனாவால் பலாலி பூட்டிக் கிடந்தது, அது உண்மை. 2022 டிசம்பரில் திரும்ப ஓடத் தொடங்கியதும் நீ வரச்சொல்லிக் கேட்டாய், பாஸ்போர்ட் முடிந்துபோச்சு என்றேன். அது அப்போது முடிந்திருக்கவில்லை. அம்மாவின் கூறைச்சேலைக்குக் கீழே அலுமாரியில் பத்திரமாகத்தான் இருந்தது. உன் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொன்ன வாயோடு உன் வாசலில் எப்படி வந்து நிற்பது? தூரத்தின் மேல் பழியைப் போட்டேன். அம்மாவுக்கும் அந்தப் பொய்யைத்தான் சொன்னேன், அதனால் அவவும் உன்னைப் பார்க்காமலே இருந்துவிட்டா.

இப்போது பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டேன். அம்மா மிளகாய்த்தூள் இடித்து, புழுக்கொடியலும் கட்டி வைத்திருக்கிறா. இன்று சந்தியில் ரிக்கெட் விசாரித்தபோது, ஒருவழியா போய்வரவா என்று பெடியன் கேட்டான். போக இரண்டு பேர் என்றேன். வர எத்தனை பேர் ஐயா என்றான், நாளைக்கு வந்து சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

எத்தனை என்று மட்டும் ஒரு மெசேஜ் போடு பிள்ளை. காரணம் ஒன்றும் எழுத வேண்டாம்.

அப்பா