மொத்தக் கடையிலிருந்து தொடங்குங்கள்: எங்கள் நகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தினசரிச் சந்தையில் உங்கள் ஊழியர்கள் நடத்திய பிளாஸ்டிக் சோதனை பற்றி எழுதுகிறேன். எத்தனை கிலோ கேரி பேக் பிடிபட்டது, எவ்வளவு அபராதம் வசூலானது என்ற விவரமெல்லாம் உங்கள் மேசைக்கு வந்திருக்கும். அதில் வந்திருக்க வாய்ப்பில்லாத ஒன்றை நான் சொல்கிறேன்.

சந்தை வாசலில் சாக்கு விரித்துக் கீரை விற்கும் அக்காவிடமும் அபராதம் வாங்கினார்கள். நாள் வட்டிக்கு வாங்கிய பணத்தில்தான் அவர் விடியற்காலையில் கீரைக்கட்டு எடுக்கிறார். மதியத்துக்குள் விற்காவிட்டால் கீரை வாடிவிடும், வட்டி மட்டும் வாடாது. சாக்குக்கு அடியில் இருந்த ஒரு பாக்கெட் கவரை எடுத்துக்கொண்டு, சுருக்குப்பையிலிருந்து பணத்தையும் வாங்கிக்கொண்டு, ரசீது கிழித்துக் கொடுத்தார்கள். சுற்றி நின்றவர்கள் அவரைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அபராதத்தைவிட அதுதான் அவரை அழ வைத்தது. அதோடும் முடியவில்லை. அப்புறம் வந்தவர்களெல்லாம் "கவர் இல்லையா?" என்று கேட்டார்கள். தண்ணீர் சொட்டும் கீரையைக் கையில் பிடித்துக்கொண்டு பேருந்தில் ஏற யாரும் தயாராக இல்லை. எடுத்த கட்டைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் கவரை அக்கா வீட்டில் தயாரிக்கவில்லை, ஐயா. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள மொத்தக் கடைத் தெருவில் கிலோ கணக்கில் விற்கிறார்கள். சோதனை நடந்த அன்று மாலையிலும் அங்கே வியாபாரம் நடந்தது. சந்தையில் யாரைக் கேட்டாலும் கடையைக் கைகாட்டுவார்கள். உங்கள் ஊழியர்களுக்கு மட்டும் தெரியாது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. மொத்தக் கடையிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

சட்டத்தில் குறை இல்லை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. மத்திய அரசின் விதி 120 மைக்ரானுக்குக் குறைந்த பைகளைத்தான் தடுக்கிறது. நம் மாநிலத்திலோ எந்தத் தடிமனாக இருந்தாலும் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை. பயன்படுத்துவது மட்டுமல்ல, தயாரிப்பதும் சேமித்து வைப்பதும் விற்பதும் குற்றம். அப்படியிருக்க, கடைசியில் கையில் வைத்திருப்பவரை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்? பெரிய ஜவுளிக் கடைகளில் துணிபோலவே தெரியும் பைகளைக் கொடுக்கிறார்கள். அவை பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்கில் செய்தவை. அவையும் அந்த 14 வகைக்குள் வருகின்றன. கண்ணாடிக் கதவு போட்ட அந்தக் கடைகளுக்குள் உங்கள் சோதனைக் குழு நுழைந்ததை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

மறுசுழற்சி செய்துகொள்ளலாம் என்று ஒரு கூட்டத்தில் உங்கள் அதிகாரி ஒருவர் பேசினார். பால் கவரைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் பழைய பேப்பர் கடைக்காரர் எடை போட்டு வாங்குவார். குழம்பும் சேறும் ஒட்டிய மெல்லிய கவரை யார் வாங்குகிறார்கள்? மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் பிளாஸ்டிக் கழிவைத் தார்ச்சாலைக்குப் பயன்படுத்தும் வழியைக் கண்டுபிடித்து, 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். பெருமையான விஷயம்தான். ஆனால் அதற்கும் கழிவைத் தரம் பிரித்து, சுத்தமாக்கி, உலர்த்தி, துண்டு துண்டாக்க வேண்டும். நம் ஊரில் கவர்கள் போய்ச் சேருவது சாக்கடைக்கும் மாட்டின் வயிற்றுக்கும்தான். மழை பெய்தால் அடைப்பை எடுக்கத் தூய்மைப் பணியாளர்கள் வெறுங்கையால் அள்ளுகிறார்கள். கையுறை கேட்டுக் கேட்டு அவர்கள் ஓய்ந்துபோனதையும் இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வரி உயர்வுக்கான நோட்டீஸ் வீடு தேடி வருகிறது, கையுறை மட்டும் வர மறுக்கிறது.

கோபத்தில் வேறு பக்கம் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

தடை மட்டும் போதாது, கீரையை எதில் எடுத்துப்போவது என்பதற்கும் வழி வேண்டும். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபோது மனதாரச் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. நம் சந்தையிலும் பத்து ரூபாய்க்கு மஞ்சப்பை தரும் இயந்திரம் வைத்தீர்கள். அது பழுதாகி நிற்கிறது. சரிசெய்யுங்கள். கூடவே இன்னொன்றையும் யோசியுங்கள். நீலகிரியில் மது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் முறையை 2022இல் கொண்டுவந்தார்கள். மது பாட்டிலுக்கு முடிகிறது என்றால் துணிப்பைக்கு ஏன் முடியாது? சந்தை வாசலில் பத்து ரூபாய் கட்டிப் பையை எடுத்துப்போகட்டும், அடுத்த முறை வரும்போது கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளட்டும். தைத்துக் கொடுக்க நம் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் பைக்குப் பணம் திரும்பக் கிடைக்கும் என்றால் மறந்துவிட்டு வருகிறவர்களும் சமாளித்துக்கொள்வார்கள். மீனுக்கும் இறைச்சிக்கும் மூடி போட்ட பாத்திரம் கொண்டுவரச் சொல்லி விலையில் சிறிது குறைத்துக் கொடுக்க வியாபாரிகளிடம் பேசலாம். நீங்கள் கூப்பிட்டால் அவர்கள் வருவார்கள்.

பிளாஸ்டிக் ஒழிய வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் வேறுபாடு இல்லை. அடுத்த சோதனை மொத்தக் கடைத் தெருவில் நடக்கட்டும். அங்கே பிடிபட்டது எவ்வளவு, அது எந்த ஆலையிலிருந்து வந்தது, அந்த ஆலை பற்றி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதினீர்களா என்பதை நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அதுவரை சாலையோர வியாபாரிகளுக்கு அபராதம் போடுவதை நிறுத்திவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தினசரிச் சந்தையில் காய் வாங்கும் ஒரு குடும்பத் தலைவி