லீ அட்சரகணிதங்களின் வெளி ஒரே பரப்பு அல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு அறிவியல் பக்கத்தில் லீ அட்சரகணிதம் (காவிகளை [ , ] என்ற பெருக்கத்தால் சேர்க்கும் அமைப்பு; வரிசையை மாற்றினால் குறி மாறும், கீழே வரும் யாக்கோபி சர்வசமன்பாடும் பொருந்த வேண்டும்) பற்றித் தமிழில் கட்டுரை வந்ததே பெரிய காரியம். ஆனால் ‘முப்பரிமாண லீ அட்சரகணிதங்கள் ஒன்பதே, அவை ஒரே ஒழுங்கான பரப்பில் அமைகின்றன’ என்ற வரி இரண்டு இடத்தில் தவறாகிறது: அவை ஒன்பது மட்டுமல்ல, ஒரே பரப்பிலும் இல்லை. உயர்தர இணைந்த கணித மாணவர் கையாலேயே சரிபார்க்கக்கூடிய கணக்கு இது.

அ, ஆ, இ மூன்றும் ஒன்றுக்கொன்று செங்குத்தான அலகுக் காவிகள் (பருமனும் திசையும் உள்ளவை; திசையன்கள்) என்க. காவிப் பெருக்கத்தை [ , ] என்று குறித்தால் [அ,ஆ]=இ, [இ,அ]=ஆ, [இ,ஆ]=−அ. இதற்குள் ச, ப என்ற இரண்டு மெய்யெண்களைச் செருகுவோம்:

[அ,ஆ] = ச·இ
[இ,அ] = ஆ + ப·அ
[இ,ஆ] = −அ + ப·ஆ

யாக்கோபி சர்வசமன்பாட்டில், அதாவது [[அ,ஆ],இ] + [[ஆ,இ],அ] + [[இ,அ],ஆ] = 0 என்பதில், இட்டுப் பாருங்கள். [[அ,ஆ],இ] பூச்சியம். [[ஆ,இ],அ], [[இ,அ],ஆ] இரண்டும் தலா பச·இ தரும். (மாணவர் வழுக்குவது [ஆ,இ]இன் குறியில்: அது அ − ப·ஆ.) ஆக நிபந்தனை பச = 0. ச, ப இரண்டையும் அச்சுகளாக்கித் தளத்தில் வரைந்தால் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு நேர்கோடுகள்: ப = 0, ச = 0. வெட்டும் புள்ளியில் ஒழுங்கு குலைகிறது.

ப = 0 கோட்டில், ச நேரெண்ணாக இருக்கும்வரை எல்லாம் வெளியின் சுழற்சிகளுக்குரிய அதே அட்சரகணிதம்தான்; அலகை மாற்றியெழுதினால் போதும். ச பூச்சியமானதும் தளத்தின் அசைவுகளுக்குரியதாக மாறிவிடும். இயற்பியலாளர்கள் இனோனு, விக்னர் இருவரும் 1953இல் ஆராய்ந்த சுருக்கம் இவ்வகையே. ச மறையெண்ணானால், மூலைவிட்டக் கூட்டுத்தொகை பூச்சியமான 2×2 மெய்த் தாயங்களின் (நிரை, நிரலாக அடுக்கிய எண் அட்டவணைகளின்) அட்சரகணிதம் கிடைக்கும். ச = 0 கோட்டிலோ, ப-இன் ஒவ்வொரு நேர்ப் பெறுமானமும் புதியதொரு அட்சரகணிதம். இத்தாலியக் கணிதவியலாளர் பியாங்கி 1898இல் வகுத்தவை ஒன்பது வகைகள். அவற்றில் இரண்டு, முடிவிலி உறுப்பினர் கொண்ட குடும்பங்கள்.

முழு வெளியிலும் இதே கதைதான். முப்பரிமாணத்தில் [ , ] பெருக்கத்தை எழுதத் தேவையான 27 (3×3×3) குணகங்கள், குறிமாற்ற விதியால் 9 ஆகும். யாக்கோபி தருவது 3 சமன்பாடுகள். 9−3=6 என்ற விடை சரி, ஆனால் ஆறு பரிமாணத் துண்டுகள் இரண்டு இருப்பதை அந்தக் கழித்தல் காட்டாது. அவை சந்திக்கும் இடம் ஐந்து பரிமாணம். சிக்கலெண்கள்மீது பார்த்தால் நான்கு பரிமாண அட்சரகணிதங்களுக்குத் துண்டுகள் 4, ஐந்துக்கு 7.

இன்னொன்று. கட்டுரையில் ஒரு பந்தியில் ‘தாயம்’, அடுத்ததில் அதே பொருளில் ‘அணி’. நமது பாடநூல்களின் ‘தாயம்’, ‘காவி’ இரண்டையே கடைசிவரை வைத்திருந்தால் மாணவர் தடுமாறார். திருத்தத்தை மேலேயுள்ள மூன்று வரிக் கணக்கோடு அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கணித ஆசிரியர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்