இரும்புக்கு மாறியது உறுதியால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த போர்க்கப்பல் பீரங்கிக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஒரு வரி மட்டும் உறுத்துகிறது. 'வெண்கலத்தைவிட இரும்பு உறுதி என்பதால் அதற்கு மாறினார்கள்' என்கிறார் கட்டுரையாளர். முப்பது வருடம் ஃபவுண்டரியில் உலை முன்னால் நின்றவன் நான். விஷயம் தலைகீழ்.

காஸ்ட் அயர்ன், அதாவது வார்ப்பிரும்புத் துண்டைச் சம்மட்டியால் ஓங்கி அடித்துப் பாருங்கள். படாரென்று இரண்டாகும், உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் கற்கண்டு மாதிரி மினுங்கும். வெண்கலம் லேசில் உடையாது, நசுங்கும். பீரங்கியிலும் அதே குணம்தான். வெடிமருந்து மிஞ்சினால் வெண்கலக் குழல் பெரும்பாலும் புடைக்கும், கிழியும். வார்ப்பிரும்போ சொல்லாமல் கொள்ளாமல் சிதறி, பக்கத்தில் நிற்பவன் உயிரையும் கொண்டுபோகும். அந்தப் பயத்தில் சுவரைத் தடிமனாக வார்த்தார்கள். விளைவு, கனம் குறைந்த உலோகத்தில் கனம் கூடிய பீரங்கி! கப்பலில் மேல்தளத்துப் பாரம் ஒவ்வொன்றும் தலைவலி. உப்புக்காற்றில் துரு வேறு.

அப்புறம் ஏன் இரும்பு? காசுதான். வெண்கலத்துக்கு வேண்டிய செம்பும் தகரமும் எட்டாத விலை. 1543-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பக்கம் பக்ஸ்டெட்டில் முழுப் பீரங்கியை இரும்பில் வார்த்தார்கள். அங்கே தாதுவும் இருந்தது, கரிக்குக் காடும் இருந்தது. ஒரு கப்பலுக்கே நூறு பீரங்கி கேட்கும் காலம் வந்தபோது வெண்கலம் கட்டுப்படியாகவில்லை. 1628-இல் முதல் பயணத்திலேயே மூழ்கிய சுவீடனின் வாசா கப்பலைப் பாருங்கள். 1660-களில், பெரிய மணி மாதிரி கவிழ்ந்த ஒரு கலத்துக்குள் ஆளை நிறுத்தி 32 மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, ஐம்பதுக்கும் மேற்பட்ட பீரங்கிகளைத் தூக்கினார்கள். கப்பலை விட்டுவிட்டார்கள். அந்த வெண்கலத்தைக் கைவிட மனம் வரவில்லை.

வெண்கலத்துக்கும் குறை உண்டு, மறைக்கவில்லை. விடாமல் சுட்டால் சூட்டில் இளகும், தீ வைக்கிற திரித்துளை அகன்றுபோகும். 18-ஆம் நூற்றாண்டில் குழலைக் கட்டியாக வார்த்துப் பிறகு துளை போடும் முறை பரவியதும் இரும்புப் பீரங்கியும் தேறியது. ஆனால் குணம் முழுக்க மாறவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பாரட் பீரங்கி என்று ஒன்று. குழல் வார்ப்பிரும்பு, பின்பக்கம் மட்டும் தேனிரும்புப் பட்டையைச் சூடாக்கி இறுக்கியிருப்பார்கள், மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுகிற மாதிரி. மலிவு, சீக்கிரம் வார்த்து அனுப்பலாம். 1864 டிசம்பர் 24 அன்று ஃபோர்ட் ஃபிஷர் கோட்டையைத் தாக்கியபோது வடக்குக் கடற்படைக் கப்பல்களில் 100 பவுண்டு குண்டு சுடும் பாரட் பீரங்கிகள் ஐந்து வெடித்தன. இறந்தும் காயப்பட்டும் சுமார் 45 பேர், அத்தனையும் சொந்த ஆட்கள்.

செம்பு 88, தகரம் 10, துத்தநாகம் 2 என்று நாங்கள் உருக்கிய பம்பு புஷ்ஷுக்கான கலவைக்குப் பெயர் இன்றும் 'கன்மெட்டல்', அதாவது பீரங்கி உலோகம்தான். பெயர்க்காரணம் கேட்ட பையன்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இன்னொன்று. கட்டுரையின் இரண்டாவது படத்தில் 'இரும்புப் பீரங்கி' என்று போட்டிருக்கிறீர்கள். அதன் மேல் பச்சைக் களிம்பு நன்றாகத் தெரிகிறது. இரும்பில் களிம்பு ஏறாது ஐயா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வார்ப்படத் தொழிலாளி,
பீளமேடு, கோவை.