வாடகைக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

சென்னை வியாசர்பாடியில் மனு எழுதித் தர நாங்கள் நடத்தும் உதவி மையத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு இந்த மடல். முதல் நன்றி மையத்தின் வாடகைக்குக் கொடுத்தவர்களுக்கு. அன்னதானம், நோட்டுப் புத்தகம், தீபாவளித் துணி என்றால் பணம் தர ஆள் உண்டு. போட்டோ எடுக்கவும் தோதாக இருக்கும். வாடகை, கரண்ட் பில், ஜெராக்ஸ், மனு எழுதும் பெண்ணுக்குச் சம்பளம் என்று கேட்டால்தான் பேச்சு வேறு பக்கம் போய்விடும். நீங்கள் "எதற்குத் தேவையோ அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்றீர்கள்.

எதற்குத் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் சாக்கடையோடு சேர்ந்து வீட்டுக்குள் நின்றபோது, பீரோவின் கீழ்த்தட்டுதான் முதலில் நனைந்தது. காகிதங்களெல்லாம் அங்கேதான் இருக்கும். லேமினேட் செய்தது பிழைத்தது. சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வீட்டு ஒதுக்கீட்டு ஆணை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டன. ரேஷன் கடை வழியாக அரசு கொடுத்த 6,000 ரூபாய்க்குக்கூட, அட்டையில் பழைய முகவரி இருந்த வாடகைக் குடும்பங்கள் அலைய வேண்டியிருந்தது. போன காகிதங்களைத் திரும்ப வாங்கும் வேலை இன்னும் முடியவில்லை. கல்லூரிச் சேர்க்கை தொடங்கினால் போதும், எழுத்து கரைந்த சான்றிதழைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு அம்மாக்கள் வந்துவிடுகிறார்கள்.

அப்புறம், புளியந்தோப்புப் பக்கத்து அக்கா ஒருவர். அவருடைய கணவர் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி, விஷவாயு தாக்கி இறந்தார். இறக்கிவிட்டவர்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே கொஞ்சம் பணமும் கையெழுத்து வாங்க ஒரு தாளும் கொண்டுவந்தார்கள். ஆளை அப்படி இறக்குவதையே 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. வீட்டுக்கு வந்தவர்கள் இதையெல்லாம் சொல்வார்களா என்ன! நல்லவேளை, அக்கா கையெழுத்துப் போடவில்லை. எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். அலுவலகம் போகும் நாளில் அவருக்கு வேலையும் போகும், கூலியும் போகும். அந்தக் கூலியையும் உங்கள் பணத்திலிருந்துதான் கொடுத்தோம். இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஆடிட்டர் தலையைச் சொறிந்தார். சட்டப்படி வரவேண்டிய தொகை இப்போது அக்காவின் கணக்கில் இருக்கிறது. அதற்காக நாங்கள் செலவழித்ததோ ஒரு நடுத்தரக் கல்யாணத்தின் பந்தல் செலவுக்குக்கூட வராது.

கட்டணம் வாங்காமல் வாதாடிய வழக்கறிஞர்களுக்கும், மாதக் கடைசி வரை கணக்கு எழுதிக்கொண்ட ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும், காசிமேட்டு மீன்காரம்மாக்களுக்கும் நன்றி. மீன்காரம்மாக்கள் கூடையோடு வந்து, சுருட்டிய நோட்டை மேசையில் வைத்துவிட்டு, ரசீது எழுதுவதற்குள் போய்விடுவார்கள். பிடித்து உட்காரவைத்துப் பெயர் கேட்பதே பெரிய பாடு.

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய சிலருடைய பணத்தைத் திருப்பி அனுப்பினோம். வருத்தப்பட வேண்டாம். வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாமல் அதை நாங்கள் தொடக்கூடாது. இந்தியக் குடிமக்களாகவே அங்கு வேலை பார்ப்பவர்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம், அதற்குத் தடையில்லை.

நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை (80ஜி) கேட்டவர்களுக்கு அதற்கான சான்றிதழ் (படிவம் 10பிஇ) மே மாத இறுதிக்குள் வந்து சேரும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்தால் அதற்குச் சலுகை கிடையாது, முன்பே சொன்னதுதான். வரவு செலவுக் கணக்கு மையத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. சாயங்காலம் வந்தால் பார்க்கலாம். பிரிண்டர் ஒன்று தகராறு செய்கிறது. யாரிடமாவது நல்ல நிலையில் பழையது இருந்தால் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
உதவி மையத்தார், வியாசர்பாடி