அந்த 28 எம்எம்மை விற்பதற்கு முன்னால் அடாப்டரை அளந்து பார்

அன்புள்ள மன்னார்குடித் தம்பிக்கு,

நிக்கான் ஃபிலிம் கேமராவுக்கான பழைய நிக்கார் 28 எம்எம் எஃப் 2.8 லென்ஸை சோனி ஏ7 டிஜிட்டல் கேமரா பாடியில் மாட்டி நீ எடுத்த படங்களைப் பார்த்தேன். வயலுக்கு அந்தப்பக்கம் நிற்கும் பனை எதிலும் தெளிவாக இல்லை. இடது ஓரம் கரைந்து கிடக்கிறது. கிழட்டு லென்ஸ், டிஜிட்டலுக்குச் சரிப்படாது என்று தீர்ப்பும் எழுதிவிட்டாய். எனக்கு லென்ஸ் மேல் சந்தேகம் குறைவு, லென்ஸையும் பாடியையும் இணைக்க நடுவில் இருக்கும் அந்த மலிவு வளையம், அடாப்டர் மேல்தான் அதிகம்.

நிக்கான் கேமராவில் லென்ஸ் உட்காரும் மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை 46.5 மி.மீ. சோனியில் மவுண்டிலிருந்து சென்சார் வரை 18 மி.மீ. ஆக அடாப்டர் 28.5 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். 28.6 இருந்தால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்பாய். 28ஐ 28ஆல் பெருக்கு, 784. அதைக் கூடுதலான 0.1ஆல் வகுத்தால் 7840 மி.மீ. ரிங்கைக் கடைசிவரை திருப்பினாலும் போகஸ் ஏறக்குறைய எட்டு மீட்டரைத் தாண்டாது. வரப்பில் நிற்கிற ஆள் பளிச்சென்று விழுவார், பனை விழாது. இதே தவறு 50 எம்எம் லென்ஸில் 25 மீட்டரில் போய் நிற்கும், அதனால் ஆள் படம் எடுக்கிறவருக்குத் தெரியவே தெரியாது.

இதற்குப் பயந்துதான் பல அடாப்டர்களைக் கொஞ்சம் மெல்லிசாகவே கடைந்து விடுகிறார்கள். அப்போது ரிங்கில் படுத்த எட்டு மாதிரி இருக்கும் ∞ குறிக்கு முன்பே இன்ஃபினிட்டி, அதாவது வெகுதூரத்துக்கான போகஸ், வந்துவிடும், அதைத் தாண்டித் திருப்பினால் மறுபடி மங்கும். நீ ரிங்கைக் கடைசியில் முட்டவைத்து எடுத்திருந்தால் அதுவே போதும் பனையைக் கெடுக்க. நிக்கானின் ஏஐ-எஸ் என்ற பழைய வகை 28 எம்எம்மில் இன்னொரு சிக்கலும் உண்டு. 20 செ.மீ. வரை கிட்டத்தில் போகஸ் ஆவதற்காக உள்ளே சில கண்ணாடிகள் தனியாக நகரும். அடாப்டர் தவறு கூடக்கூட ரிங்கின் நிலையும் உண்மையான தூரமும் ஒத்துப்போகாது, மூலைகள்தான் முதலில் அடிவாங்கும்.

தடிமன் அளக்கும் டிஜிட்டல் வெர்னியர் ஒன்று வாங்கு. லென்ஸ் உட்காரும் முகத்திலிருந்து பாடியில் உட்காரும் முகம் வரை அள. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பிடிப்பு நாக்கில் வைத்து அளந்தால் கணக்கு கெட்டுவிடும். நான்கு இடத்தில் அள. நான்கும் ஒத்துப்போகாவிட்டால் லென்ஸ் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, உன் இடது ஓரத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். மெல்லிசாக இருந்தால் மவுண்ட் தகட்டின் திருகுகளைக் கழற்றி அடியில் கேப்டான் என்ற மெல்லிய பிளாஸ்டிக் டேப்பை வளையமாக வெட்டி வைக்கலாம். தடியாக இருந்தால் அதோடு மல்லுக்கட்டாதே, வேறு வாங்கு.

அப்பர்ச்சரையும், அதாவது ஒளி நுழையும் திறப்பையும், ஒரு தடவை பார். சில அடாப்டர்களில், அப்பர்ச்சர் ரிங் இல்லாத ஜி வகை லென்ஸுக்காகத் தனி ரிங் இருக்கும். அது திறந்த நிலையில் நின்றால் லென்ஸின் ரிங்கை எங்கே திருப்பினாலும் இதழ்கள் அசையாது. ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் ஏ மோடில் 2.8க்கு 1/2000 விநாடி காட்டினால், 8க்கு 1/250 காட்ட வேண்டும். காட்டவில்லையா? நீ எஃப் 8 என்று நம்பி எடுத்தது எல்லாம் 2.8தான்.

பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து உள்ளேயும் பார்த்துவிடு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நம் பக்கத்து அலமாரிகளில் பூஞ்சை பிடிக்காத லென்ஸ் அபூர்வம். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை. ஓரத்தில் இரண்டு இழை இருந்தால் படத்தில் தெரியாது. கண்ணாடி முழுக்க மூடுபனி மாதிரி இருந்தால் சோதனையே வீண்.

இனி சோதனை. செங்கல் சுவரைத் தேடி அலையாதே. சம்பா அறுத்த வயல் போல மட்டமான அடிவானம் வேறெங்கே கிடைக்கும்? அரை கிலோமீட்டர் தள்ளி ஒற்றைப் பனையாகப் பார்த்து நில். காலைப் பனி முழுசாக விலகியிருக்க வேண்டும், ஆனால் எட்டு மணிக்குள் முடித்துவிடு. வெயில் ஏறினால் கானல் ஆடும், எந்த லென்ஸும் மங்கலாகத்தான் தெரியும். ட்ரைபாட், ஐஎஸ்ஓ 100, இரண்டு விநாடி டைமர். பாடியில் ஸ்டெடிஷாட் என்ற நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடு. போகஸ் ஆன விளிம்புகளைத் திரையில் வண்ணமிட்டுக் காட்டும் பீக்கிங்கை நம்பாதே, அகலக் கோணத்தில் அதற்கு எல்லாமே மினுங்கும். எஃப் 2.8இல் திரையைப் பெரிதாக்கி மட்டையின் நுனியில் போகஸ் வை.

பனையை நடுவில் வைத்து ஒரு படம். ரிங்கைத் தொடாமல் கேமராவை மட்டும் திருப்பி, அதே பனை நான்கு மூலையிலும் விழும்படி நான்கு படம். பிறகு ஒவ்வொரு மூலையிலும் புதிதாகப் போகஸ் வைத்து இன்னொரு நான்கு. நான்கு மூலையும் ஒரே அளவில் மங்கி, இரண்டாம் சுற்றில் தெளிந்தால் அது போகஸ் தளத்தின் வளைவு, அந்த லென்ஸின் பிறவிக் குணம். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் அதே அடாப்டரில் 50 எம்எம் ஒன்றை மாட்டிப் பார். அதிலும் அதே பக்கம் மங்கினால் அடாப்டரோ பாடியோ சாய்ந்திருக்கிறது. 50 சரியாக வந்தால் 28க்குள்தான் கண்ணாடி நகர்ந்திருக்கிறது, அப்போது தாராளமாக விற்றுவிடு.

எல்லாம் சரியாக இருந்தாலும் 2.8இல் மூலைகள் கொஞ்சம் சோம்பலாகத்தான் இருக்கும், எஃப் 8க்கு விழித்துக்கொள்ளும். 16க்குப் போனால் சிறிய திறப்பின் விளிம்பில் ஒளி வளைவதால் (டிஃப்ராக்ஷன்) மொத்தமும் மழுங்கும்.

பெரிய கோயில் விமானம் பின்னால் சாய்வதாக நீ சொன்னதற்கு லென்ஸ் பொறுப்பில்லை. கேமராவை அண்ணாந்து பிடித்தால் 216 அடி விமானம் சாயத்தான் செய்யும். அண்ணாந்து பார்க்காமல் மட்டமாகப் பிடித்து, கேமராவை நெட்டுவாக்கில் திருப்பி, முழு விமானமும் விழ வேண்டுமென்றால் ஏறக்குறைய 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு போய்விடாதே, தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

அடுத்த தடவை கேமரா பதிவு செய்த சுருக்காத ரா ஃபைல்களாகவே அனுப்பு. வாட்ஸப் நசுக்கிய படத்தில் மூலையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. எந்தப் படம் எந்த அப்பர்ச்சர் என்று ஒரு தாளில் குறித்து வை, அடாப்டர் வழியாக அந்தத் தகவல் கேமராவுக்குப் போகாது.

அன்புடன்,
அண்ணன்