இந்த ஆண்டு நாம் கேட்டவை: இசை கேட்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன ஆண்டு அறிக்கை வாசித்தபோது பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கிவிட்டதாகத் தகவல். அதனால் கணக்கு வழக்கை முதலிலேயே முடித்துவிடுகிறேன். இந்த ஆண்டு 11 கூட்டங்கள் நடந்தன. அறை கிடைக்காமல் ஒன்று தவறிப்போனது. செயற்குழு தேவைப்பட்டபோதெல்லாம் கூடியது, தேவைப்படாமலும் இரண்டு முறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை இங்கே வாசிக்க வேண்டாம் என்று அவரே பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். இடப்பக்க ஸ்பீக்கரின் கரகரப்புக்குக் காரணம் ஸ்பீக்கர் இல்லை, வயர்தான் என்று ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடித்தோம். அதுவரை இடப்பக்கம் உட்கார்ந்து பொறுத்துக்கொண்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி நோட்டு விஷயம்.

சங்கம் தொடங்கிய நாளிலிருந்து வாசலில் ஒரு நோட்டு இருக்கிறது. உள்ளே வருகிறவர் தம் பெயருக்கு நேரே, இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று ஒரு வரி எழுத வேண்டும். அதில் நாலைந்து பேரை அழைத்து, ஆளுக்குப் பத்து நிமிடம், கேட்டதைப் போட்டுக்காட்டச் சொல்வோம். ஆண்டின் தொடக்கத்தில் பழைய பக்கங்களைப் புரட்டியபோது எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. ஒரே மாதத்தில் மூன்று பேர் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை முழுசாகக் கேட்டதாக எழுதியிருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படைப்பு அது. மூவரில் ஒருவரிடம், பாடகர்கள் எப்போது பாடத் தொடங்குகிறார்கள் என்று சும்மா கேட்டுவைத்தேன். "எடுத்த எடுப்பிலேயே" என்றார். பாட்டு வருவது நான்காவது, கடைசிப் பகுதியில். சரி, மேற்கொண்டு கேட்கவில்லை.

அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. என் பக்கத்தைப் பார்த்தேன். அந்த மாதம் நான் எழுதியிருந்தது ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் செல்லோ தொகுப்புகள். உண்மையில் அந்த மாதம் முழுக்க நான் கேட்டது ஒரு விளம்பரப் பாட்டு. கேட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அது தானாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எதைக் கேட்டால் மற்றவர் மதிப்பாரோ அதைத்தான் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தோம்.

எனவே செயற்குழு விதியை மாற்றியது. கடந்த ஏழு நாளில் அதிகம் கேட்டது எதுவோ அதை எழுத வேண்டும். கூச்சமாக இருந்தால் பெயர் வேண்டாம். முதல் மாதம் பக்கம் ஏறக்குறைய காலி. இரண்டாம் மாதம் நம் மூத்த உறுப்பினர் ஒருவர், பெயரோடே, இப்படி எழுதினார்: "ஒரே பழைய சினிமாப் பாட்டு. தினமும் இரவு. ஒரு மாதமாக. காரணம் கேட்காதீர்கள்." யாரும் கேட்கவில்லை. ஆனால் அதற்குக் கீழே அன்று பக்கம் நிரம்பிவிட்டது. குழந்தையைத் தூங்கவைக்கப் போட்ட பாட்டு, வண்டி ஓட்டும்போது கத்திக்கொண்டே பாடிய பாட்டு, பிடிக்கவே பிடிக்காமல் நான்கு முறை கேட்ட பாட்டு என்று வரிசையாக வந்தன. சங்கத்தில் இவ்வளவு நாள் பழகியவர்களை அன்றுதான் அறிமுகம் செய்துகொண்ட மாதிரி இருந்தது.

விதி மாறியபின் நடந்த கூட்டங்களில் இரண்டைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒன்று, ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் இசை கேட்ட கூட்டம். இசைத்தட்டு சேர்க்கும் உறுப்பினர் தன்னிடமிருந்த, டேவிஸின் பழைய 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தட்டைத்தான் அந்த வாரம் கேட்டுக்கொண்டிருந்ததாக எழுதினார். வயலின் கற்ற உறுப்பினரும் அதே ஆல்பத்தை எழுதியிருந்தார், ஆனால் அவருடையது பிற்காலச் சிடி. தட்டின் முதல் பக்கம் ஓடத் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, வயலின்காரர் எழுந்துவிட்டார். சுருதி ஏறியிருக்கிறது, உங்கள் டர்ன்டேபிள் வேகமாகச் சுற்றுகிறது என்றார். தட்டுக்காரருக்குக் கோபம். வேகம் சரியாக இருக்கிறது என்று அளந்து காட்டினார். தட்டைத் திருப்பிப் போட்டால் இரண்டாம் பக்கம் சிடியோடு ஒத்துப்போகிறது! அரை மணி நேரம் அறை இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

விஷயம் இதுதான். அந்த ஆல்பம் 1959-இல் இரண்டு நாட்களில் பதிவானது: மார்ச் 2, ஏப்ரல் 22. மார்ச் அமர்வில் முதன்மை டேப் எந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறத்தானே செய்யும்? அன்று பதிவான மூன்று உருப்படிகளும் முதல் பக்கத்தில் இருக்கின்றன. பக்கத்திலேயே ஓடிய இன்னோர் எந்திரத்தின் டேப் சரியான வேகத்தில் இருந்ததால், 1990-களில் அதை வைத்துத் திருத்தி வெளியிட்டார்கள். அதற்கு முன் முப்பது ஆண்டுக்கு மேல் உலகமே ஏறிய சுருதியில்தான் கேட்டிருக்கிறது. ஆக, காதும் பொய் சொல்லவில்லை, தட்டும் பொய் சொல்லவில்லை. தட்டுக்காரர் இன்னும் ஏறிய சுருதியே அழகு என்கிறார். பழகிய காது அது, ஒன்றும் செய்ய முடியாது.

மற்றொன்று நேரக் கணக்கு பற்றியது. ஒருவர் இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜான் பாடியதைக் கொண்டுவந்தார். 1902-இல் இந்தியாவில் முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாடியவர்களில் அவரும் ஒருவர். அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் இடம். ராகத்தை அதற்குள் சுருக்கிப் பாடி, கடைசியில் "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் தன் பெயரையும் சொல்லி முடிக்கிறார். தட்டு அச்சானது ஜெர்மனியில். அங்கிருப்பவர்களுக்கு இது யார் குரல் என்று தெரிய வேண்டுமே. அடுத்து வந்தவர் எகிப்தின் பாடகி உம்மு குல்சும் பதிவு ஒன்றை வைத்தார். அங்கே ஒரே பாட்டு ஒரு மணி நேரம் போகும். கூட்டம் கேட்கக் கேட்க அதே வரியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி பாடுவார். அவருடைய மாதாந்தரக் கச்சேரிகள் அந்தக் காலத்தில் முதல் வியாழக்கிழமை இரவுகளில் வானொலியில் போகும். பத்து நிமிடம் ஆனதும் நான் மணியடிக்க வேண்டும். அடிக்கவில்லை. அறைச் சாவி வைத்திருப்பவர் வந்து விளக்கை அணைத்து அணைத்துப் போட்ட பிறகுதான் எழுந்தோம். விதியை மீறியவன் நான் என்பதைப் பதிவுசெய்துவிடுகிறேன்.

பியானோ கலைஞர் க்ளென் கூல்ட், பாக்கின் கோல்ட்பெர்க் மாறுபாடுகளை வாசித்த பதிவுகள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்ட கூட்டமும் நன்றாகவே நடந்தது. 1955-இல் 38 நிமிடம், 1981-இல் 51 நிமிடம். முதல் பதிவில் இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற தொடக்க மெட்டான ஆரியா, அடுத்ததில் மூன்று நிமிடம் தாண்டுகிறது. இளைஞர்கள் மெதுவான பதிவையும் பெரியவர்கள் வேகமானதையும் தேர்ந்தெடுத்தது எனக்கு ஆச்சரியம். காரணம் விளங்கவில்லை.

தரம் குறைந்த எம்பி3-யை உடனே கண்டுபிடித்துவிடுவேன் என்ற சவாலையும் சோதித்தோம். திரை போட்டு, ஒரே பதிவை நன்றாகச் சுருக்கிய 128 கிலோபிட் எம்பி3-யிலும் சிடி தரத்திலும் மாற்றி மாற்றி ஓட்டினோம். சவால் விட்டவர் தோற்றார். நானும் தோற்றேன். வென்றது, ஒன்றும் தெரியாது என்று சொல்லி ஓரமாக உட்கார்ந்திருந்தவர்.

அப்புறம், ஒரு வருத்தம். சினிமாப் பாட்டு அதிகமாகிவிட்டது என்று ஓர் உறுப்பினர் விலகிவிட்டார். சினிமாப் பாட்டு காதில் விழுவது, கேட்பது ஆகாது என்பது அவர் வாதம். அவர் போன அடுத்த மாதமே ஒரு கல்லூரி மாணவி, இளையராஜாவின் 80-களின் பாடல்கள் இரண்டைக் கொண்டுவந்து, பாடும் குரலை விட்டுவிட்டு பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடரச் சொன்னார். நூறு முறை கேட்ட பாட்டின் அடியில் தனியாக இன்னொரு மெட்டு நடந்துபோய்க்கொண்டிருந்தது. விலகியவர் அன்று இருந்திருக்க வேண்டும். அவருக்கு நான் இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. அவர் நாற்காலியை யாரும் எடுக்கவில்லை.

என் சொந்த விஷயம் ஒன்றும் அறிக்கையில் வருகிறது, நோட்டில் இருப்பதால். ஆண்டின் நடுவில் இரண்டு மாதம் என் பெயருக்கு நேரே "ஒன்றும் கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறேன். இயர்போனில் சத்தமாகக் கேட்டுக் கேட்டு வலது காதில் ஓயாத இரைச்சல். கொஞ்ச நாள் எதுவும் கேட்காமல் இருக்கச் சொன்னார் மருத்துவர். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் ஏறினால் நேரம் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. நான் எந்தக் கணக்கில் இருந்தேன் என்று பார்க்கவே பயமாக இருந்தது. இரைச்சல் இப்போது குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. அந்த இரண்டு கூட்டங்களுக்கும் வந்து, பின்னால் தள்ளி உட்கார்ந்து, மற்றவர்கள் கேட்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஓடியபோது முன்வரிசையில் ஒருவர் ஸ்வரம் ஏறும்போதெல்லாம் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். இருந்த இடத்திலிருந்து எனக்கு நாகஸ்வரம் மெலிதாகத்தான் வந்தது. மிச்சத்தை அந்தக் கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் கோரிக்கைகள் மூன்று. மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டத்தில் மணியே அடிக்காமல் நீண்ட படைப்பு ஒன்றை முழுசாகக் கேட்பது. கூட்டத் தொடக்கத்தில் ஒலி அளவை மீட்டரில் பார்த்துவிட்டு ஆரம்பிப்பது. பாட்டு ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் அந்தப் பாட்டைப் பற்றியே பேசுகிறவர்களை அன்போடு வெளியே அனுப்புவது. மூன்றாவதை முன்மொழிந்தவரே அதிகம் பேசுகிறவர்.

பழைய நோட்டில் நான்கு பக்கங்கள்தான் மிச்சம். புதியது வாங்க அனுமதியும், இந்த அறிக்கைக்கு ஏற்பும் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். இன்று எழுதாமல் உள்ளே வந்தவர்கள் ஆறு பேர். பேனா நோட்டுக்குள்ளேயே இருக்கிறது.

செயலாளர்